ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளியே என்ன நிறம், உள்ளே என்ன நிறம்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது இப்போது அபூர்வமில்லை. இன்ஜின், விலை, டெலிவரி எல்லாவற்றிலும் தெளிவாக இருப்பவர்கள்கூட நிறம் என்றதும் தடுமாறுகிறார்கள். ஷோரூமில் ஏசி அறையில், விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிற கார் வேறு. செம்மண் தெருவில் நின்று போர் தண்ணீரில் குளிக்கப்போகிற கார் வேறு. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம்.

1. சாலிட், மெட்டாலிக், பேர்ல், மேட்னு என்னென்னமோ சொல்றாங்க. என்னதான் வித்தியாசம்?

தகட்டின் மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அடுத்து பிரைமர், அதற்கு மேல் நிறம் தருகிற பேஸ் கோட், கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனி பெயிண்டில் இத்தனையும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். கீறல், எச்சம், உப்புக்கறை எல்லாம் முதலில் கைவைப்பது இந்த மேல் பூச்சில்தான்.

பேஸ் கோட்டில் நிறமி மட்டும் இருந்தால் சாலிட். அலுமினியத் துகள் கலந்தால் மெட்டாலிக், மைக்கா கலந்தால் பேர்ல். அடியில் ஒரு நிறம், நடுவில் ஒளி ஊடுருவும் பேர்ல், மேலே கிளியர் என்று மூன்று கட்டமாக அடிப்பதை ட்ரை கோட் என்பார்கள். வெயிலில் வளைவுக்கு வளைவு நிறம் மாறும். அடிபட்டால் பழுது பார்ப்பதுதான் பெரும்பாடு. மேட் என்பது தனி நிறமல்ல. பேஸ் கோட் அதேதான், கிளியர் கோட்டுக்குத்தான் பளபளப்பு இருக்காது.

2. நம்ம ஊரு வெயிலுக்கு எந்தக் கலரு தாங்கும்?

பெயிண்ட் தாங்குமா என்பதுதான் கேள்வி என்றால், இன்றைய கம்பெனி பெயிண்ட் எந்த நிறமானாலும் தாங்கும். கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. அது தேய்ந்து மெலிந்த இடத்தில்தான் நிறம் போகும். அதனால் நிறத்தைவிட, வருடத்துக்கு எத்தனை முறை பாலீஷ் போட்டுத் தேய்க்கிறீர்கள் என்பதே முக்கியம். "பளபளன்னு ஆக்கித் தர்றோம்" என்று ஒவ்வொரு சர்வீஸிலும் மெஷின் பாலீஷ் போட்டால் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் காணாமல் போகும்.

3. சிவப்பு சீக்கிரம் வெளுத்துப் போயிடுமாமே?

கிளியர் கோட் இல்லாமல் ஒரே பூச்சாக அடித்த பழைய கார்களில் அது உண்மை. அந்தக் காலத்துச் சிவப்பு நிறமிகள் வெயிலில் சிதைந்து, மேலே சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கிவிடும். இன்றைய சிவப்பு நிறமிகள் வேறு. மேலே கிளியர் கோட்டும் உண்டு. ஒரே எச்சரிக்கை: பம்பரையோ கதவையோ மட்டும் உள்ளூரில் மலிவான பெயிண்டில் மறுபடி அடித்தால், அந்தப் பாகம் மட்டும் இரண்டு மூன்று கோடையில் ஆரஞ்சுப் பக்கம் சாயும். சிவப்பில் இது பளிச்சென்று தெரிகிற அளவு மற்ற நிறங்களில் தெரியாது.

4. செம்மண் தூசி எதுல தெரியாது?

தெரியாத நிறம் கிடையாது, குறைவாகத் தெரிகிற நிறம் உண்டு. நடுத்தரச் சாம்பல், வெள்ளி, மணல் நிறம், செம்பு சாயல் கலந்த ஆரஞ்சு இவற்றில் ஒரு வாரத் தூசி நின்றாலும் கார் கேவலமாகத் தெரியாது. வெள்ளையில் கதவுக்குக் கீழே ஓரம் முழுக்கச் செந்நிறக் கோடு விழும், சக்கரத்துக்குப் பின்னால் தார்ப் பொட்டும் தெரியும். கருநீலமும் கறுப்பும் கழுவிய அரைமணி நேரத்துக்கு உலக அழகு. அதற்குப் பிறகு தூசி.

தூசியைவிட மோசம், அதைக் காய்ந்த துணியால் தட்டுவது. செம்மண்ணில் நுண்மணல் உண்டு. கோழி இறகு மாதிரி இருக்கிற டஸ்டரால் தினமும் காலையில் ஒரு தட்டுத் தட்டினால், ஆறு மாதத்தில் வெயில் படும்போது வட்ட வட்டமாகச் சிலந்தி வலைக் கீறல் தெரியும். கீறல் எல்லா நிறத்திலும் விழும். சாலிட் கறுப்பு அதை ஊருக்கே காட்டும், மெட்டாலிக் சாம்பல் மறைத்துவிடும்.

5. எங்க போர் தண்ணி சரியான உப்பு. கறுப்பு கார் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீர் சூடான தகட்டில் காயும்போது கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாகத் தங்கும். அன்றே துடைத்தால் போகும். வெயிலில் பலமுறை காய்ந்தால் கிளியர் கோட்டையே அரித்துவிடும். அப்புறம் பாலீஷ்தான், அதாவது 2-ஆவது பதிலில் சொன்ன தேய்மானம். குடிநீருக்கே இந்திய தர நிர்ணயம் கரைந்த உப்புக்கு ஏற்பு அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. உங்கள் போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் ஒருமுறை பாருங்கள். நான்கு இலக்கம் காட்டினால் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

செய்ய வேண்டியது இது: காலை 8 மணிக்கு முன், நிழலில், பானட் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் மணலைக் கரைத்து ஓடவிடுங்கள். ஷாம்பு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. கடைசியாக 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீரை மேலிருந்து கீழே மெல்ல ஊற்றி, மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். புதிதாக விழுந்த கறைக்கு வெள்ளை வினிகரையும் ஆர்ஓ தண்ணீரையும் சமமாகக் கலந்து துணியில் நனைத்து இரண்டு நிமிடம் போர்த்திவைத்து, நன்றாக அலசினால் கரையும். மேட் பெயிண்டில் மூலையில் சோதிக்காமல் செய்யாதீர்கள்.

பெயிண்டின் மேல் பூசுகிற செராமிக் கோட்டிங் போட்டால் உப்புக்கறை வராது என்று விற்கிறார்கள். வரும். தண்ணீர் முத்து முத்தாக நிற்பதால் கறையும் முத்து முத்தாக, இன்னும் தெளிவாக விழும்.

6. கறுப்பு காருக்குள்ள உட்காரவே முடியாதா? சன் ஃபிலிம் ஒட்டிக்கலாமா?

வித்தியாசம் உண்டு, பேசுகிற அளவு இல்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற வெள்ளி நிறக் காரின் உட்காற்று, கறுப்புக் காரைவிட 5 முதல் 6 டிகிரி குறைவாக இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில் அந்த 5 டிகிரி ஏசிக்கு உதவும். மற்றபடி உள்ளே சூட்டை முடிவு செய்வது பெரிய கண்ணாடியும், டேஷ்போர்டும், சீட்டின் நிறமும். வெயிலில் நின்ற கறுப்புத் தோல் சீட்டில் தொடை படும்போது தெரிவது வெளி நிறத்தின் சூடு அல்ல.

ஃபிலிம் விஷயத்தில் மோட்டார் வாகன விதி 100: முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்தது. உள் அலங்காரம் மங்காமல் இருக்க நிழலில் நிறுத்துவதும், முன் கண்ணாடிக்கு மடிப்புத் திரை வைப்பதும்தான் நம்பகமான வழி.

7. முதல்ல வெளிக் கலரா, உள் கலரா?

உள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கார் உங்களுடையதான பிறகு அதன் வெளிப்புறத்தைப் பார்ப்பது ஊர். நீங்கள் பார்ப்பது ஸ்டீயரிங்கும் டேஷும் கதவுத் தோலும்தான். வெளியே நிறம் பிடிக்காவிட்டால் ராப் (பெயிண்டின் மேல் ஒட்டுகிற நிற ஃபிலிம்) ஒட்டலாம். உள்ளே பிடிக்காவிட்டால் தோல் மாற்றுவது பெரிய செலவு, ஏர்பேக் உள்ள சீட்டையும் டேஷையும் வெளியாரிடம் கொடுப்பது ஆபத்தும்கூட.

இன்னொரு காரணம்: கம்பெனிகள் உள்ளே தருகிற தேர்வு வெளியே தருவதைவிடக் குறைவு. குறைவாக இருப்பதை முதலில் முடித்துவிட்டால் மற்றது தானாக அமையும்.

8. உள்ளே க்ரீம் கலர் கேட்கிறாக வீட்ல. அழுக்கு தாங்குமா?

அழுக்குக்குப் பயப்பட வேண்டாம், சாயத்துக்குப் பயப்படுங்கள். அழுக்கு மேலே நிற்கும், துடைத்தால் போகும். சாயம் தோலின் மேல்பூச்சுக்குள் இறங்கும். புது ஜீன்ஸின் நீலம் எல்லோருக்கும் தெரிந்தது. நம் பக்கத்தில் கூடுதலாகக் கண்டாங்கிச் சேலை. ஒருமுறைகூட அலசாத அரக்கு நிறக் கண்டாங்கி, வேர்வையோடு காரைக்குடியிலிருந்து திருச்சி வரை க்ரீம் சீட்டில் உட்கார்ந்து போனால், இறங்கும்போது கட்டம் போட்ட கரையின் நிழல் சீட்டின் முன் விளிம்பில் இளஞ்சிவப்பாக இருக்கும். அன்று மாலையே லெதர் கிளீனரும் மென்மையான பிரஷும் கொண்டு எடுத்தால் போய்விடும். ஒரு வாரம் வெயிலில் நின்றால் போகாது. ஸ்பிரிட், தின்னர் பக்கமே போக வேண்டாம். கறையோடு தோலின் பூச்சும் வந்துவிடும். மேலே துண்டு விரிப்பதானால் வெள்ளைத் துண்டு. நிறத் துண்டு தன் சாயத்தையே விடும்.

மஞ்சள், குங்குமம் வேறு கதை. மஞ்சள் கறையில் சோப்பு போட்டால் காரம் பட்டுச் சிவப்பாகும். ஈரத் துணியால் ஒற்றிவிட்டு, கதவைத் திறந்து இளவெயிலில் விடுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் தானாக மங்கும். கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் இருந்தால் அப்படிப் போகாது, காய்ந்த பொடியாக இருக்கும்போதே ஊதி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தலையில் நல்லெண்ணெய் வைக்கிற வீடு என்றால் ஹெட்ரெஸ்ட் மட்டும் அடர்நிறமாகக் கேட்கலாம், பல கம்பெனிகளில் இரட்டை நிறம் உண்டு.

கறுப்பு சீட்டில் மட்டும் கறை தெரியாது என்று நினைக்க வேண்டாம். துளையிட்ட கறுப்புத் தோலில் விபூதி இறங்கினால் ஒவ்வொரு துளையும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வாக்குவம்தான் எடுக்கும். ஈரத்துணி அதைக் குழைத்து உள்ளே தள்ளும்.

9. சரி, உள்ளே டான் இல்ல சிவப்பு எடுத்தா வெளிய என்ன சேரும்?

டான் எனப்படும் சேணத் தோல் நிறம் பெருந்தன்மையானது. கரும்பச்சை, கருநீலம், வெள்ளை, சாம்பல், பழுப்பு எல்லாவற்றோடும் போகும். மஞ்சள், ஆரஞ்சு, பிரகாசமான சிவப்பு இவற்றோடு மட்டும் மோதும். எங்கள் கணக்கில் இந்த ஊருக்கு மிகச் சிறந்த ஜோடி கரும்பச்சை வெளியே, டான் உள்ளே. தேக்குத் தூணும் பித்தளைப் பிடியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது அந்நியமாகப் படாது.

உள்ளே சிவப்பு என்றால் வெளியே வெள்ளை, வெள்ளி, சாம்பல், கறுப்பு, மிக அடர்ந்த நீலம். வெளியேயும் சிவப்பு என்றால் இரண்டு சிவப்பும் ஒன்றாக இருக்காது; ஒன்று நீலப் பக்கம், ஒன்று ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும், கதவைத் திறந்தவுடன் உறுத்தும். சிவப்பு வேண்டும் ஆனால் அதிகமாகிவிடுமோ என்று தயங்கினால், கறுப்பு உள்ளே வைத்து சிவப்புத் தையல், சிவப்பு சீட் பெல்ட் எடுங்கள்.

10. அல்கான்டரா ஸ்டீயரிங் நல்லதா?

அல்கான்டரா தோல் அல்ல, பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்த்து இத்தாலியில் செய்கிற துணி. கூரை, தூண், சீட்டின் நடுப்பகுதி இவற்றுக்கு அருமை. வெயிலில் தோல் அளவு சுடாது, திருப்பத்தில் வழுக்காது. ஸ்டீயரிங்குக்கு வேண்டாம். வேர்வையும் எண்ணெயும் பட்டு இழை படுத்து, 10 மணி, 2 மணி இடத்தில் பளபளவென்று கட்டியாகிவிடும். வெளிர் நிறத்தில் எடுத்தால் இன்னும் சீக்கிரம்.

11. டேஷ்போர்டும் சேர்த்து முழுக்க க்ரீமா எடுக்கலாமா?

மேல்பகுதி அடர்நிறமாகவே இருக்கட்டும். ஸ்போர்ட்ஸ் காரில் முன் கண்ணாடி மிகவும் படுத்திருக்கும். மத்தியான வெயிலில் வெளிர் டேஷ் அந்தக் கண்ணாடியில் பிரதிபலித்து, சாலைக்கு மேல் ஒரு வெள்ளைத் திரையாக மிதக்கும். நிழலான புளியமரச் சாலையில் நுழையும்போது எதிரே வருகிற ஆடு மாடு தெரியாது. அழகுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத ஒரே இடம் இது.

12. கம்ப்யூட்டர்ல பார்த்து புக் பண்ணலாமா?

பட்டியலைச் சுருக்க மட்டும் திரையைப் பயன்படுத்துங்கள். முடிவு மாதிரித் தகட்டில்தான். தட்டையான அட்டை போதாது, வளைந்த மாதிரியைக் கேட்டு வாங்குங்கள்; மெட்டாலிக்கும் பேர்லும் வளைவில்தான் சுயரூபம் காட்டும். அதை வெளியே எடுத்துக் காலை 7 மணி, உச்சி, சாயங்காலம் மூன்று வேளையும் பாருங்கள். உச்சி வெயிலில் வெளிர் மெட்டாலிக் எல்லாம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். இரவில் எல்இடி விளக்கில் கரும்பச்சையும் கருநீலமும் கறுப்பாகத்தான் தெரியும்.

வடிவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். வெளிர் நிறத்தில் மடிப்பும் காற்றுத்துளையும் நிழல் விழுந்து தனித்துத் தெரியும். கறுப்பில் அவை கரைந்துவிடும், உருவரை மட்டும் நிற்கும். பல துளைகள், விங், முன் பம்பருக்கு அடியில் நீட்டிய ஸ்பிளிட்டர் உள்ள காரை அடக்கிக் காட்டக் கறுப்பு உதவும். எளிமையான பழைய பாணி வளைவுக்கு வெள்ளி, வெளிர்சாம்பல்.

13. மேட் கலர் எடுத்திருக்கோம். பிள்ளையார்பட்டில பூசை போடணும். சந்தனம் வச்சா கறை ஆகுமா?

ஆகலாம், ஆனால் பாலீஷ் போட்டு எடுக்க முடியாது என்பதுதான் சிக்கல். மேட்டைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், பிறகு முழுப் பாகத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். மெழுகு, பாலீஷ் கலந்த ஷாம்பு எதுவும் ஆகாது. குருக்களிடம் முன்பே சொல்லி, சந்தனம் குங்குமத்தை முன் கண்ணாடியின் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள், யாரும் மறுப்பதில்லை. பெயிண்டில்தான் வைக்க வேண்டுமென்றால் வீடு வந்ததும் காய விடாமல் தண்ணீர் ஊற்றிக் கரைத்து எடுங்கள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் பளபளப்பான பெயிண்டிலும் கீறல் விழும்.

மாலையைக் கம்பியில் கட்டியிருக்கிறார்களா பாருங்கள். நூலில் கட்டச் சொல்லி, கம்பி முனை பானட்டில் படாமல் போடுங்கள். தேங்காயைப் பத்தடி தள்ளி உடைக்கச் சொல்லுங்கள், ஓட்டுச் சில் பம்பரில் தெறிக்கும். பூசணிக்காயின் குங்குமத் தண்ணீரும் அப்படியே. எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில்தானே, அதனால் ஒன்றுமில்லை.

14. அப்பத்தா கறுப்பு ஆகாதுங்கிறாக. எனக்குக் கறுப்புதான் வேணும்!

நடுவழி இருக்கிறது. மிக அடர்ந்த நீலம், கரும்பச்சை, அடர் பழுப்பு இவை நிழலில் கறுப்பாகவும் வெயிலில் தம் நிறமாகவும் தெரியும். ஆர்சி புத்தகத்தில் நீலம் என்றுதான் இருக்கும், வீட்டில் பேச்சு நின்றுவிடும். சாலிட் கறுப்பைவிடக் கீறலும் கொஞ்சம் மறையும்.

கறுப்பை வேண்டாம் என்பதற்குச் சகுனத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பகலில் கறுப்புக் கார்களுக்கு விபத்து அபாயம் வெள்ளைக் கார்களைவிட 12 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். சாம்பலுக்கு 11, வெள்ளிக்கு 10. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருப்பது, பஸ்ஸும் லாரியும் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்கெனவே சிரமம். எந்த அடர்நிறம் எடுத்தாலும் பகலிலும் முன்விளக்கு எரியட்டும்.

15. ஃபெராரின்னா சிவப்பு, லோட்டஸ்னா பச்சை. இதுக்கு ஏதும் காரணம் இருக்கா?

ஒரு காலத்தில் பந்தயக் காரின் நிறம் நாட்டைக் குறித்தது. ஃபெராரியின் நாடான இத்தாலிக்குச் சிவப்பு, லோட்டஸின் நாடான பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், பெல்ஜியத்துக்கு மஞ்சள், ஜெர்மனிக்கு முதலில் வெள்ளை, 1930-களில் வெள்ளி. பிரிட்டன் பச்சை 1903-இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பையோடு வந்தது. 1968-இல் லோட்டஸ் அணி சிகரெட் விளம்பர நிறத்தில் ஃபார்முலா ஒன்னில் இறங்கிய பிறகு இந்த வழக்கம் தேய்ந்தது. ஃபெராரி சின்னத்தின் மஞ்சள் மொடெனா நகரத்தின் நிறம், ஆகவே மஞ்சள் ஃபெராரியும் மரபுதான். கட்டாயம் எதுவுமில்லை. சிவப்பு பிடிக்காமல் ஃபெராரி என்பதற்காகச் சிவப்பு வாங்காதீர்கள்.

16. எங்க வீட்டு ஆத்தங்குடிக் கல்லுல இருக்கிற அந்தப் பச்சையையே காருக்கு அடிச்சுத் தருவாகளா?

சில கம்பெனிகள் தருவார்கள். போர்ஷேயில் பெயிண்ட் டு சாம்பிள் பிளஸ் என்று ஒரு வழி உண்டு, வாடிக்கையாளர் கொடுக்கும் மாதிரிக்கு நிறம் உருவாக்குவார்கள். பணமும் காத்திருப்பும் கூடும். சோதனையில் தேறாவிட்டால் மறுக்கவும் செய்வார்கள்.

ஆனால் கல்லின் பச்சை அப்படியே வராது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்த்த சிமெண்ட். நிறம் அதன் உடம்பிலேயே ஊறியிருக்கும், மேலே கிளியர் கோட் கிடையாது. அதே நிறத்தைப் பளபளப்பான கிளியர் கோட்டுக்கு அடியில் வைத்தால் இரண்டு படி அடர்ந்து தெரியும். ஆகவே கல்லைவிட ஒரு சாயல் வெளிறியதை மாதிரியாகக் கொடுத்து, சாலிட் பெயிண்டாகவே கேளுங்கள். மெட்டாலிக் கலந்தால் அந்தச் சாந்தம் போய்விடும். நிறத்தின் குறியீட்டையும் கலவை விவரத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். நாளைக்குப் புது பம்பர் பிரைமரோடுதான் வரும், அதை அடிக்கப்போகிறவருக்கு வேறு ஆதாரம் இருக்காது.

17. வீல், பிரேக் காலிப்பர் கலர்?

வெள்ளி வீலில் பிரேக் தூசி தெரியும், கழுவினால் போகும். கறுப்பு வீலில் தூசி தெரியாது, ஓரம் உரசியது வெள்ளைக் கோடாகத் தெரியும். நடுச்சாம்பல் இரண்டுக்கும் சமாதானம். பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பரின் நிறம் காருக்குள்ளே இருக்கிற தையல் நிறத்தோடு ஒத்துப்போனால் போதும். போர்ஷேயில் மஞ்சள் காலிப்பர் செராமிக் பிரேக்கின் அடையாளம். சாதா பிரேக்குக்கு மஞ்சள் அடித்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

18. புது கார்தான். ஆனா பம்பரும் பானட்டும் வேற வேற கலரா தெரியுதே?

பெரும்பாலும் குறையல்ல. பம்பர் பிளாஸ்டிக், பானட் தகடு. இரண்டையும் தனித்தனியாக, வேறு வேறு சூட்டில் உலர்த்துகிறார்கள். துகள்கள் படுக்கும் கோணம் மாறினால் மெட்டாலிக்கும் பேர்லும் சாயல் மாறும். வெள்ளி, வெளிர்த் தங்கம், பேர்ல் வெள்ளையில் அதிகம் தெரியும். சாலிட் நிறத்தில் அநேகமாகத் தெரியாது. டெலிவரி எடுக்கும்போது வெயிலிலும் நிழலிலும், நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். ஒரே ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்தால் விட்டுவிடலாம். எல்லாக் கோணத்திலும் தெரிந்தால் கையெழுத்துக்கு முன்பே எழுதிக்கொடுங்கள்.

பழுது பார்க்கும்போதும் இதுவே பிரச்சினை. ஒரு கதவில் மெட்டாலிக் அடித்தால் பக்கத்துப் பாகங்களிலும் நிறத்தைக் கொஞ்சம் பரவவிட்டு, மூன்றுக்கும் கிளியர் அடிக்க வேண்டும். "கதவு மட்டும் அடிச்சாப் போதும்" என்கிற இடத்தில் விடாதீர்கள். முதலில் ஒரு அட்டையில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நிறக் குறியீடு ஒன்றாக இருந்தாலும் அதற்குள் சில சாயல் வேறுபாடுகள் உண்டு.

19. ராப் ஒட்டினா ஆர்டிஓவுக்குச் சொல்லணுமா?

ஆர்சியில் நிறம் எழுதியிருக்கிறது. டிஎன் 63 பதிவுள்ள வெள்ளைக் கார் சாலையில் நீலமாக ஓடினால் அது ஆர்சியோடு முரண். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே முழு நிறத்தையும் மாற்றுகிறீர்கள் என்றால் ஆர்டிஓவிடம் அனுமதி பெற்று ஆர்சியில் ஏற்றுங்கள். பெயிண்டைக் காக்கிற நிறமற்ற பிபிஎஃப் ஃபிலிம் ஒட்டுவதற்கு அந்தச் சிக்கல் இல்லை. ராணுவப் பச்சை மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121 அதைப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியிருக்கிறது.

ராப் நம் வெயிலில் பானட், கூரை போன்ற படுத்த பாகங்களில் முதலில் போகும். கம்பெனி பெயிண்டில் ஒட்டியதைச் சூடுகாட்டிக் கழற்றலாம். உள்ளூரில் மறுபடி அடித்த பாகத்தில் ஒட்டினால், கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து வரலாம்.

20. சிவப்பு காருக்கு இன்சூரன்ஸ் ஜாஸ்தியாமே?

இல்லை. மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு இன்ஜின் சிசி; சொந்தச் சேதத்துக்கு வண்டியின் மதிப்பு, வயது, சிசி, பதிவான ஊரின் மண்டலம். நிறம் எங்கேயும் வராது.

21. நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். வருசத்துல எட்டு மாசம் கார் ஊரு வீட்லதான் நிக்கும்.

அப்படியானால் தூசியும் வெயிலும் கவலையில்லை, ஈரமும் சுண்ணாம்பும்தான். பழைய வீட்டின் கொட்டகையில் மேலே இருந்து சுண்ணாம்புக் காரை உதிரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது பெயிண்டில் அப்பி மங்கல் திட்டு போடும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது காரை வெளியே எடுங்கள். தெறித்த புதுச் சுண்ணாம்பு கடும் காரம், கண்டவுடன் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மூடாக்கு காற்றோடுகிற துணியாக இருக்கட்டும். கழுவாத காரைப் போர்த்தினால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் 4-ஆவது பதிலில் சொன்ன நுண்மணல் கீறும்.

உள்ளே அடர்நிறத் தோலில் மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும், வெளிர்த் தோலில் கறுப்புப் புள்ளி விழும். கறுப்புப் புள்ளிதான் போகாதது. நெடுநாள் நிற்கிற காருக்கு நடுத்தர நிறங்களே நல்லது: டான், பழுப்பு, சாம்பல். ஈரம் உறிஞ்சும் டப்பாவை இரண்டு இருக்கைக்கும் கீழே வைத்து, பார்த்துக்கொள்கிறவரை மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள்.

22. விக்கும்போது எந்தக் கலருக்கு விலை போகும்?

வெள்ளை, சாம்பல், கறுப்பு சீக்கிரம் விற்கும். சாதாரணக் காருக்குச் சொல்கிற இந்த விதி ஸ்போர்ட்ஸ் காருக்குப் பாதிதான் பொருந்தும். மஞ்சளோ, ஆழ்ந்த பச்சையோ தேடி அலைகிறவர்கள் உண்டு. குறைவான பேர், ஆனால் பேரம் பேச மாட்டார்கள். விலையை உண்மையில் அடிப்பது உள் அலங்காரம். வெளியே துணிந்து எடுங்கள், உள்ளே அளவோடு.

23. பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கிறோம். கலர் ஒரிஜினலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெயிண்ட் கனம் காட்டும் மீட்டரோடு போங்கள். 1-ஆவது பதிலில் சொன்ன 100 முதல் 150 மைக்ரான் எல்லாப் பாகத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால் நல்லது. ஒரு பாகம் மட்டும் 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 400, 500 என்று ஏறினால் அடியில் புட்டி. மீட்டர் அலுமினியத்தையும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இன்றைய போர்ஷே 911-இன் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம், இரும்புக்கு மட்டுமான மீட்டர் அதில் ஊமை. பிளாஸ்டிக் பம்பரிலும் கார்பன் பாகத்திலும் சாதாரண மீட்டர் எதுவும் காட்டாது.

பிறகு கதவுக் கீல், பானட் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயிண்ட் உடைந்திருந்தால் கழற்றி மாட்டியது. நிறக் குறியீடு ஒட்டியிருக்கிற தகட்டையும் ஆர்சியில் உள்ள நிறத்தையும் ஒப்பிடுங்கள். கதவு ரப்பரை விரலால் விலக்கினால் அடியில் பழைய நிறம் எட்டிப்பார்க்கும், ராப் ஒட்டிய காரும் அங்கேதான் மாட்டும். உள்ளே சீட் மறுசாயம் போட்டதா என்பதற்குத் தையல் நூலைப் பாருங்கள். நூலும் தோலும் அச்சு அசலாக ஒரே நிறத்தில், நூலின் மேல் மெல்லிய படலத்தோடு இருந்தால் சாயம் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சீட் நகர்கிற தண்டவாளத்துக்கு அருகில் துணி மடிப்புக்குள் பார்த்தால் அசல் நிறம் தெரிந்துவிடும்.